பின் சீட்டின் இடது பக்கம்

மகா என் மருமகள். வண்டி அவளுடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆஸ்டின் டவுன் தெருவில் பாதிப் பேர் அது என் மகன் அருண்குமார் வாங்கிய வண்டி என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு ஸ்கூட்டரைத் திருப்பவே கை நடுங்கும்.

ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது மகாவுக்குத் தையல்தான் தெரியும். அடுகோடிப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், காபியை ஆற்றிக்கொண்டே, "அத்தை, நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றாள். நான் கூடாது என்றேன். ஏன் கூடாது என்று அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. கொஞ்ச நாளில் எல் போர்டு மாட்டிய வண்டி ஒன்று எங்கள் தெரு முனையில் திரும்பியது. உள்ளே இவள். என்னைப் பார்த்துக் கையசைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. அவள் அப்படித்தான். சண்டை போட மாட்டாள். செய்துவிட்டு வந்து நிற்பாள்.

பிறகு சில வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டினாள். போன தை மாதம் சொந்த வண்டி வந்தது. வெள்ளை வண்டி, மஞ்சள் போர்டு. எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு விடியற்காலை ஷிப்ட் போகிற பெண்களை வீட்டு வாசலில் ஏற்றி, ஆபீஸ் வாசலில் இறக்குகிற வேலை. விடியற்காலையில் பெண் ஓட்டுகிற வண்டி என்றால் அந்தப் பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒரு தெம்பு. அதனால் அந்த ரூட் மகாவுக்குக் கிடைத்தது. அது அவள் தேடிப் பிடித்த ரூட். அதற்காகத்தான் வண்டியே.

வண்டி வந்த அன்று செய்ய வேண்டியதையெல்லாம் நான் நின்று செய்ய வைத்தேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சாமந்தி மாலை, முன்னால் தொங்க மிளகாயும் எலுமிச்சையும். சீட்டின் பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிக்க விடவில்லை. உட்கார்ந்தால் கரகரவென்று சத்தம் வரும், வெயிலில் முதுகு ஒட்டும், இருந்தாலும் புதுசு புதுசாகவே இருக்கட்டும் என்று இருந்தேன்.

எங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருவது என்பதற்கு ஒரு முறை உண்டு. ஆண்கள் முன்னால். பெரியவள் நான், பின்னால் இடது பக்கம். அந்தக் கதவுதான் ஓரத்துப் பக்கம் திறக்கும், இறங்க வசதி, பின்னால் வருகிற பைக்காரன் இடிக்க மாட்டான். மற்றவர்கள் மீதி இடத்தில் ஒடுங்கிக்கொள்வார்கள். எனக்கு உடம்பு கொஞ்சம் பெரிது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

என் மகள் பிரபா இருப்பது சந்தாபுராவில். அவள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சக் கிளம்பிய அன்றுதான் வண்டி முதல் தடவை நின்றது. ஒரு மேட்டில் ஏறி இறங்கியது, பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். மகா சாவியைத் திருகினாள். முன்னால் விளக்கெல்லாம் எரிந்தது, என்ஜின் மட்டும் எழவில்லை. பின்னால் நாங்கள் மூன்று பேர், தள்ளலாம் என்று எல்லாரும் இறங்கினோம். அவள் இன்னொரு தடவை திருகினாள், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது. பெட்ரோலில் ஏதாவது கசடு இருக்கும் என்றான் அருண்குமார்.

இரண்டாவது தடவை, என் கண்ணைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது. பின்னால் நான், பிரபா, அவள் மாமியார். அதே மாதிரி ஒரு மேடு, அதே பெருமூச்சு. இறங்கினோம், கிளம்பியது.

அன்று இரவு சமையல்கட்டில் பிரபா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்தினால் எனக்குக் கேட்காது என்று அவளுக்கு நினைப்பு.

"அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா ஏறுறப்போதான் வண்டி நிக்குது. வேற நாள்ல நிக்குதா? நீங்க தினமும் போறீங்க, வர்றீங்க, நிக்கல. சில பேருக்குச் சில வண்டி ராசி ஆகாது."

மகா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வண்டிக்கு ராசி கிடையாது பிரபா. வாரண்டிதான் இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் மகள் சொன்னது முள்ளாகத் தைத்துவிட்டது. மறுநாளிலிருந்து நான் அந்த வண்டியில் ஏறவில்லை. கோயிலுக்கு பஸ். கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. மகா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பாள். "உள்ளே உட்கார்ந்தா முட்டி மடங்க மாட்டேங்குதும்மா, நடந்தாத்தான் நல்லது" என்பேன். அவள் என் முட்டியைப் பார்ப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், கதவைச் சாத்துவாள். இது என் பிடிவாதம். நான் ஏறாமல் இருந்தால் அவள் ரூட் நிலைக்கும் என்றால் ஏறாமலே இருந்துவிட்டுப் போகிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் அவள் வண்டியை இரண்டு தடவை சர்வீஸ் சென்டரில் விட்டுப் பார்த்துவிட்டாள். அங்கே ராஜேஷ்குமார் என்று ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை, காதில் எப்போதும் போன். இரண்டு தடவையும் வண்டியைக் குளிப்பாட்டி, உள்ளே சென்ட் அடித்துத் திருப்பித் தந்தார். "ஆயித்து, ஆச்சு மேடம், வண்டி ரெடி. ஒரு ப்ராப்ளமும் இல்ல. ரவுண்ட் போய்ப் பாத்தோம், கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்தோம், எதுவும் காட்டல." முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழத்தைக் காட்டி, "இதெல்லாம் கட்டி, பூஜைன்னு தண்ணி ஊத்தி, உள்ள ஒயர்ல ஈரம் போயிருக்கும்" என்றும் சொன்னாராம். பழத்தை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள் மகா. எனக்குக் கோபம். அதை எதற்கு அவிழ்த்தாய் என்றேன். "அடுத்த தடவை அதுமேல பழி போட முடியாதுல்ல அத்தை" என்றாள்.

மூன்றாவது தடவை வண்டி நின்றது எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் மேல். நான் வண்டியில் இல்லை. இருட்டு முழுசாக விலகாத நேரம், பின்னால் லாரி, உள்ளே வேலைக்குப் போகிற நான்கு பிள்ளைகள். மகா எப்படியோ ஓரமாக உருட்டி நிறுத்தி, எல்லாரையும் இறக்கிச் சுவரோரம் நிற்க வைத்து, சாவியைத் திருகினாள். கிளம்பிவிட்டது. ஆனால் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு அழ, அவர்கள் கம்பெனிக்குப் போன் போட, அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற கோவிந்தராஜன், மகா வீடு திரும்பியதும் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன்.

"பாரும்மா, உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பாலத்து மேல நிக்கிற வண்டில பொம்பளப் பிள்ளைங்கள நான் ஏத்த முடியாது. இந்த வாரம் வேற வண்டி போட்டுக்கிறேன். திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டேன்னு சொன்னா வா. இல்லன்னா ரூட் அவங்களுக்கே போயிடும்."

"சரி பண்ணிட்டு வரேன் சார்" என்று போனை வைத்தாள். வைத்த பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் ஏறாமலே நின்னுடுச்சே" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவள் சட்டென்று திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"முட்டி வலின்னு சொன்னது இதுக்குத்தானா? பிரபா சொன்னதைக் கேட்டுட்டுத்தான் பஸ்ல போயிட்டு இருந்தீங்களா?" கொஞ்ச நேரம் என்னைத் திட்டினாள். திட்டு என்றால் பெரிய திட்டில்லை. "இவ்ளோ வயசாச்சு" என்று ஆரம்பித்து அதை முடிக்காமல் விட்டுவிடுவாள், அந்த மாதிரி. பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, தரையில் விரலால் ஏதோ கட்டம் போட்டாள். வண்டியின் உருவம். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அது தெரிந்தது. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று.

"அன்னைக்குச் சந்தாபுரா போறப்போ நீங்க எங்க உட்கார்ந்தீங்க?"

"என் இடத்துலதான். இடது பக்கம்."

"ஆஸ்பத்திரிக்கு?"

"அங்கதான்."

"இன்னைக்கு அங்க ஜூலியா உட்கார்ந்தா." ஜூலியா எங்கள் தெருப் பெண்தான், மகாவின் வண்டியில் வேலைக்குப் போகிறவள். நல்ல உடம்புக்காரி, என்னைவிடக் கூட ஒரு பிடி இருப்பாள். வழக்கமாக முன்னால் உட்காருகிறவள், அன்று புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளைக்குத் தலைசுற்றுகிறது என்று முன் சீட்டை விட்டுக்கொடுத்துப் பின்னால் போயிருக்கிறாள். "அத்தை, இது உங்க ராசி இல்ல. உங்க எடை."

இந்த மாதிரி ஒரு வார்த்தையைக் கேட்டு எந்த மாமியாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். நான் பட்டேன்.

மகா அன்றே வண்டியைச் சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டாள், பின் சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் நிற்கிறது என்று சொல்லியும் வந்தாள். மறுநாளே போன் வந்தது, வண்டி ரெடி, ப்ராப்ளம் எதுவும் இல்லை என்று. "அத்தை, புடவை மாத்துங்க" என்றாள். ஜூலியாவுக்கு அன்று வீட்டிலிருந்து வேலை. மடிக்கணினியை மூடிவிட்டு அவளும் வந்தாள். என்னைப் பார்க்க வந்திருந்த பிரபாவையும் மகா விடவில்லை. "நீயும் வா. உன் ராசியையும் பாத்துடலாம்." ஆட்டோவில் நான்கு பேரும் நெருக்கிக்கொண்டு அடுகோடி தாண்டிப் போய் இறங்கினோம்.

ராஜேஷ்குமார் சாவியை மேஜைமேல் வைத்தார். "மேடம், ஃபுல்லா செக் பண்ணியாச்சு. எடுத்துக்கோங்க."

மகா சாவியைத் தொடவில்லை. "டெஸ்ட் எடுத்தப்போ வண்டிக்குள்ள எத்தனை பேர் இருந்தாங்க?"

"டிரைவர் ஒருத்தர். அவ்ளோதான மேடம், டெஸ்ட்டுன்னா அதான் முறை."

"நான் காலி வண்டியா ஓட்டுறேன்? ஆள் ஏத்துற வண்டி. ஆள வச்சுத்தான் பாக்கணும்னு நேத்தே சொன்னேன்ல. ஆளுங்க இதோ இருக்காங்க. நீங்களே ஓட்டுங்க."

"கஸ்டமரை உட்கார வச்சு ஓட்ட மாட்டோம் மேடம். ஸொல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"நிறைய அட்ஜஸ்ட் பண்ணியாச்சு. பாலத்து மேல நாலு பிள்ளைங்களோட நின்னது நான். நீங்க ஓட்டுற வரைக்கும் நான் சாவி எடுக்க மாட்டேன். வண்டியும் இங்கதான் நிக்கும், நாங்களும் இங்கதான் உட்காருவோம்."

அங்கே போட்டிருந்த சோபாவில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஜூலியா பையிலிருந்து முறுக்கு எடுத்தாள். புது வண்டி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் திரும்பி எங்களைப் பார்த்தது. இதற்கு என்ன ப்ராப்ளம் என்று அந்த அம்மா கேட்க, நான் ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். பால் காய்ச்சப் போனதை நான் சொல்லி முடிப்பதற்குள் ராஜேஷ்குமார் போனை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"சரி. ஒரு ரவுண்ட். ஒருத்தர் மட்டும் ஏறுங்க."

"அத்தை, உங்க இடம்" என்றாள் மகா.

நான் ஏறினேன். எனக்குப் பயம்தான். நின்றால் நான் எடைக்காரி, நிற்காவிட்டால் எடை காரணமில்லை, பழையபடி ராசி கெட்டவள் என்றாகிவிடுமோ என்று. ராஜேஷ்குமார் மெயின் ரோட்டுக்குப் போய், சர்வீஸ் ரோட்டில் திரும்பி, இரண்டு மேடு ஏற்றி இறக்கினார். ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "பாத்தீங்களா அஜ்ஜி? வண்டி பட்டர் மாதிரி ஓடுது." அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி.

பிரபா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். மகா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கதவோரம் ஒண்டி உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இடம் கிடந்தது, கைப்பிடியைப் பிடித்துப் பாதி உடம்பைத் தூக்கியே வைத்திருந்தேன். பயத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

"அன்னைக்கெல்லாம் பின்னால மூணு பேர்" என்றாள் மகா. "நெருக்கிக்கிட்டு இருந்தாங்க. கதவோரம் ஒண்ட இடமே கிடையாது." வண்டியின் அந்தப் பக்கக் கதவைத் திறந்தாள். "பிரபா, நீ ஏறி நடுவுல உட்காரு. ஜூலியா, அவளுக்கு அந்தப் பக்கம். அத்தை, கையை விடுங்க, நல்லாச் சாஞ்சு உட்காருங்க."

"மேடம், ஒருத்தர்னு சொன்னேன்."

"ஒருத்தரை வச்சுப் பாத்தாச்சு. இப்ப வண்டில எத்தனை சீட் இருக்கோ அத்தனை பேர்." முன் சீட்டில் ஏறி அவள் பெல்ட் போட்டுக்கொண்டாள். போட்ட பிறகு யார் இறக்க முடியும்?

மூன்று பேர் உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் உறை கரகரத்தது. பிரபாவுக்கு மூச்சு முட்டியது. "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கோ." "எங்கடி தள்றது, கதவைத் திறந்துக்கிட்டா?" ஜூலியா சிரித்தாள், சீட் மொத்தமும் குலுங்கியது. ராஜேஷ்குமார் வாய்க்குள் கன்னடத்தில் என்னவோ சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

முதல் மேடு தாண்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டேன், நிற்க வேண்டும் தாயே என்று. வண்டி நிற்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டாவது மேட்டில் முன் சக்கரம் இறங்கியது, பின் சக்கரம் தொப்பென்று விழுந்தது. அந்தப் பெருமூச்சு வந்தது. வண்டி செத்துவிட்டது.

பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. ராஜேஷ்குமார் சாவியைத் திருகினார். விளக்கு எரிந்தது. மறுபடி திருகினார். மகா கைகட்டி உட்கார்ந்திருந்தாள். "கம்ப்யூட்டர் இருந்தா மாட்டிப் பாக்கலாம் சார்" என்றாள்.

"மேடம், ப்ளீஸ்" என்றார் அவர். பஸ் டிரைவர் தலையை நீட்டிக் கத்தத் தொடங்கியிருந்தார். ராஜேஷ்குமாரே இறங்கி, ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினார், பாவம், வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நாங்கள் இறங்கினால் சுலபமாக நகரும். மகா இறங்க விடவில்லை. ஓரத்துக்கு வரும் வரை "உட்காருங்க, உட்காருங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் நின்றதும், "இப்ப அத்தை மட்டும் இறங்கட்டும். நீங்க திருகுங்க" என்றாள். நான் இறங்கினேன். அவர் திருகினார். கிளம்பியது.

ராஜேஷ்குமார் ஸ்டியரிங்மேல் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சிரித்துவிட்டார். "அஜ்ஜி, இன்னொரு தடவை ஏறுங்க" என்றார். ஏறினேன். நின்றது. இறங்கினேன். கிளம்பியது. அதற்கப்புறம் அந்த மனுஷன் எங்கள் பக்கம் வந்துவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். திரும்பிப் போனதும் வேறு வேலையெல்லாம் ஒதுக்கிவைத்து, வண்டியை உள்ளே ஏற்றி, பின் சீட்டைக் கழற்றச் சொல்லிக் கூடவே நின்றார். எங்களையும் வந்து பார்க்கச் சொன்னார்.

சீட்டுக்குக் கீழேதான் பெட்ரோல் டேங்க்காம். அதற்குள் ஒரு மோட்டார், அது பெட்ரோலை என்ஜினுக்குத் தள்ளுகிறதாம். அந்த மோட்டாருக்குப் போகிற ஒயரைத் தகட்டில் கவ்விப் பிடிக்க வேண்டிய கிளிப் ஒன்று போடப்படவே இல்லை. ஒயர் தொளதொளவென்று மேலே கிடந்து, சீட்டின் இரும்புக் கம்பிக்கு நேர் கீழே, நான் உட்காருகிற இடத்தில் நசுங்கிக்கொண்டிருந்தது. தோல் உரிந்து, உள்ளே செம்புக் கம்பி இற்று, ஒரு இழையில் தொங்கியது. எடை விழுந்தால் விலகும், எடை எடுத்தால் சேரும். நின்றபோதெல்லாம் தள்ளுவதற்காக நாங்கள் இறங்கினோமே, அதனால்தான் அது ஒவ்வொரு தடவையும் தானாகக் கிளம்பியது.

"வண்டி செய்யறப்பவே விட்டுட்டாங்க மேடம்" என்றார் ராஜேஷ்குமார். "இது எங்க தப்பு. ஒயர் செட்டே புதுசு போட்டுத் தரேன்."

"தண்ணி ஊத்துனதால இல்லையே?" என்று கேட்டேன்.

"இல்ல அஜ்ஜி."

"எலுமிச்சம்பழத்தால?"

"இல்ல அஜ்ஜி, தப்பாச் சொல்லிட்டேன்."

பிரபா அந்த நசுங்கின ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்ன வயசில் சந்தையில் நிற்பாளே, அந்த மாதிரி.

சாயங்காலம் வேலை முடிந்தது. அவர் சாவியை நீட்டினார். மகா அப்போதும் வாங்கவில்லை.

"மறுபடி எல்லாரும் ஏறணும் சார். அதே மேடு."

இந்தத் தடவை அவர் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. தானே பின் கதவைத் திறந்துவிட்டார். "அஜ்ஜி, வாங்க, உங்க இடத்துல உட்காருங்க." பின் சக்கரம் தொப்பென்று விழுந்தது. நான் வேண்டுமென்றே ஒரு தடவை எழும்பி உட்கார்ந்தேன். வண்டி ஓடியது. இன்னொரு ரவுண்ட் கேட்டாள் மகா. ஓடியது. அதற்குப் பிறகுதான் சாவி அவள் கைக்குப் போனது.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே கோவிந்தராஜனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். ஒயர் கதையைச் சொன்னாள். அவர் உம் உம் என்று கேட்டுவிட்டு, "சர்வீஸ் சென்டர்காரன் சொல்றதெல்லாம் சரிம்மா. நிக்காதுன்னு நீ எப்படிச் சொல்றே?" என்றார்.

"என் அத்தை உட்கார்ந்து பாத்துட்டாங்க சார்."

அவர் என்ன நினைத்தாரோ. "சரி, திங்கக்கிழமை காலைல முதல் பிக்கப் ஜூலியா" என்றார். பின் சீட்டிலிருந்து ஜூலியா, "நான் இடது பக்கமே உட்காருறேன் சார்" என்று கத்தினாள்.

திங்கட்கிழமை இருட்டோடு மகா கிளம்பிப் போனாள். பாலத்தைத் தாண்டி, பிள்ளைகளை இறக்கிவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் திரும்பி வந்தாள். தெருவுக்குள் வந்தவள் என்ஜினை அணைக்கவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். கோயிலுக்குப் போகப் பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தேன்.

"முட்டி எப்படி இருக்கு அத்தை?"

"இன்னைக்கு நல்லா மடங்குது" என்று ஏறி உட்கார்ந்தேன். போகிற வழியில் கீழே இருந்த பிளாஸ்டிக் உறையை ஓரத்தில் பிடித்து இழுத்தேன். என் இடம் மட்டும் கிழிந்து வந்தது. கண்ணாடியில் பார்த்தவள், மீதியையும் கிழிக்கச் சொன்னாள்.